மேல்கூரைப் பூச்சு பெயர்ந்து விழுகிறது, ஓனர் ‘மழை முடியட்டும்’ என்கிறார். வாடகையில் கழிக்கலாமா, காலி செய்யலாமா?

மேல்மாடிக் குடித்தனம் எழுதியது:

வணக்கம். தாம்பரம் பக்கம் ஒரு வீட்டின் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். நான், கணவர், யு.கே.ஜி. படிக்கும் மகள், மாமியார். வாடகை 16,000. அட்வான்ஸ் 1 லட்சம். பதினோரு மாத ஒப்பந்தம். முத்திரைத் தாளில் கையெழுத்துப் போட்டதோடு சரி, எங்கும் பதிவு செய்யவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

நாங்கள் குடி வந்தது கோடையில். அப்போது எல்லாம் புது பெயிண்டில் பளிச்சென்று இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் படுக்கையறை மேல்கூரையில் பழுப்பாக ஒரு வட்டம் வந்தது. வட்டம் பெரிதானது, அப்புறம் பூச்சு உப்பிக்கொண்டது. போன வாரம் விடியற்காலையில் தோசைக்கல் அளவுக்கு ஒரு துண்டு கட்டிலின் தலைமாட்டில் விழுந்தது. மகள் அன்றைக்குப் பாட்டியோடு ஹாலில் படுத்திருந்தாள். விழுந்த இடத்தில் கம்பி தெரிகிறது, ஒட்டடைக் கம்பால் லேசாகத் தட்டினால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. அதே அறையில் ஃபேன் மாட்டியிருக்கும் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மழை வலுத்தால் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து வீடு முழுக்க இருட்டு. இப்போது நால்வரும் ஹாலில்தான் படுக்கிறோம். ஆக, இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை கொடுத்துவிட்டு ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

ஓனர் கோயம்புத்தூரில் இருக்கிறார். பேச்சில் தங்கமான மனிதர். “பார்த்துக்கலாம்மா, மழை முடியட்டும், ஆள் அனுப்புறேன்” என்பார். ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. ஆளும் வந்ததில்லை. கொஞ்சம் அழுத்திக் கேட்டதற்கு, “அவசரம்னா நீங்களே பண்ணிக்குங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினோம். உள்ளே கம்பிக்குப் பூச்சும் சிமெண்டும் 14,000 ஆகும், மேலே மொட்டை மாடித் தளம் முழுக்க நீர்க்கசிவுத் தடுப்பு வேலை 42,000 ஆகும் என்கிறார். நாங்களே செய்துவிட்டு வாடகையில் கழிக்க முடியுமா? வாடகையை நிறுத்தி வைக்கலாமா? ஒப்பந்தம் முடிவதற்குள் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்பி வருமா? கணவர், ‘எதற்கு வம்பு, நாலு மாதம் ஓட்டிவிடலாம்’ என்கிறார். எனக்கு அந்தக் கூரையைப் பார்த்தால் ஓட்ட முடியும் என்று தோன்றவில்லை.

---

கறார் பேர்வழி எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாடகையை நிறுத்துங்கள். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1 லட்சம் அவர் கையில் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு வரும். அதற்குள் வேறு வீடு பார்த்துப் போய்விடலாம். சென்னையில் பாதிப் பேர் இப்படித்தான் அட்வான்ஸை மீட்கிறார்கள்.

---

சைட் சூப்பர்வைசர் எழுதியது:

அம்மா, முதலில் கூரையைப் பார்ப்போம், சட்டம் தெரிந்தவர்கள் பின்னாடி வருவார்கள். கட்டட வேலையில் முப்பது வருஷம் ஓட்டியவன், நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது வெறும் பூச்சுப் பிரச்சினை இல்லை. மொட்டை மாடித் தளத்தில் ஓடு பதித்த இணைப்புகள் விட்டுப்போய் தண்ணீர் இறங்குகிறது. அது சிலாப்புக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. இரும்பு துருவானால் பருக்கும், முன்பு இருந்ததைவிட இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் அடியில் இருக்கும் கான்கிரீட் பிளந்து கீழே விழுகிறது. நீங்கள் பார்த்த உப்பல் அதுதான். ஒரு இடத்தில் விழுந்திருக்கிறது என்றால் சுற்றியும் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒட்டடைக் கம்பின் அடிப்பக்கத்தால் கூரையை அடி அடியாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் ‘டக்’ என்று கம்பே திருப்பி அடிக்கும். விடுபட்ட இடத்தில் ‘டொப்’ என்று காலிப் பானைச் சத்தம் கேட்கும். கேட்ட இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். நேர் கீழே நிற்காதீர்கள், சாய்வாக நின்று தட்டுங்கள், தலையில் ஹெல்மெட் இருக்கட்டும். சாக்பீஸ் கோட்டோடு போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புங்கள். ‘மேலே ஒழுகுது’ என்று வெறும் வாயால் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் அவருக்கே தெரியும்.

அந்த ஃபேன் பெட்டிதான் எனக்கு அதிகக் கவலை. சிலாப் போடும்போதே வயர் போகும் குழாயை உள்ளே பதித்துவிடுவோம். தளத்தில் இறங்கும் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக ஓடி, பள்ளமான இடத்தில், அதாவது ஃபேன் பெட்டியில், சொட்டும். சில வீடுகளில் சுவிட்ச் பெட்டி வரைக்கும் வந்துவிடும். ஈ.எல்.சி.பி. விழுவது தொந்தரவு இல்லை, அது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ‘அடிக்கடி விழுது’ என்று யாராவது அதை நேரடி இணைப்புக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு ஆபத்து ஆரம்பம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த அறையின் சர்க்யூட்டை மட்டும் தனியாகப் பிரித்து அணைத்து வைக்கச் சொல்லுங்கள். ஃபேனையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். கொக்கியும் அதே துருப்பிடித்த சிலாப்பில்தான் தொங்குகிறது.

கொத்தனார் சொன்ன 14,000 வேலையை இப்போது செய்யாதீர்கள். மேலே தண்ணீர் இறங்குவதை நிறுத்தாமல் கீழே மட்டும் சிமெண்ட் வைத்து மூடினால் உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டேதான் இருக்கும். அடுத்த மழைக்குப் பூசியதும் சேர்ந்து விழும், அது இன்னும் கனமாக விழும். இப்போதைக்கு விடுபட்டதை மட்டும் தட்டி இறக்கிவிடச் சொல்லுங்கள், அது ஒரு நாள் கூலி. மேல் வேலை முடிந்து தளம் காய்ந்த பிறகு கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, துரு தடுப்புப் பூச்சு அடித்து, அதற்கான கலவையால் மூட வேண்டும்.

மொட்டை மாடி வேலையை நீங்கள் கையில் எடுப்பது சரிவராது. அந்த மாடி உங்களுக்கு வாடகைக்கு விட்டது இல்லை. ஓனர் எழுத்தில் சம்மதிக்காமல் அங்கே 42,000 கொட்டினால் அந்தப் பணத்துக்கு யாரிடமும் கேட்க முடியாது. மாடியில் மழைநீர்க் குழாய் வாய் இலை, பிளாஸ்டிக் கவரால் அடைத்திருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே போய்ப் பாருங்கள். பாதி வீடுகளில் தண்ணீர் தேங்கி நிற்பதற்குக் காரணம் அதுதான். அதை எடுத்துவிட யார் அனுமதியும் வேண்டாம்.

---

வாடகைப்பறவை எழுதியது:

வக்கீல் இல்லை. ஆனால் ஒரு ஓனரோடு இதே மாதிரி ஒரு கூரைக்காக மல்லுக்கு நின்று, சட்டத்தை வரி வரியாகப் படித்து, வாடகை அதிகாரி அலுவலகம் வரை போனவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கறார் பேர்வழிக்கு. வாடகையை நிறுத்துவதுதான் ஓனருக்கு நீங்கள் கொடுக்கும் மிகப் பெரிய உதவி. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. புதிய சட்டத்தில் இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால் அதுவே காலி செய்யச் சொல்லக் காரணம். கூரை ஒழுகியது, கம்பி தெரிந்தது எல்லாம் பின்னால் போய், ‘வாடகை தராத குடித்தனம்’ என்ற ஒன்றுதான் மேலே நிற்கும். அட்வான்ஸில் கழிப்பது ஊர் வழக்கம், ஓனர் எழுத்தில் ஒத்துக்கொண்டால் தாராளமாகச் செய்யலாம். அவர் ஒத்துக்கொள்ளாமல் நீங்களாகச் செய்தால் அது பாக்கிதான்.

வாடகையை முழுதாக, தேதி தவறாமல், வங்கி வழியாகவே அனுப்புங்கள். சண்டை போடுகிறவர் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வி. அந்தச் சட்டத்தின் கடைசியில் ஒரு அட்டவணை இருக்கிறது. எது ஓனர் வேலை, எது குடியிருப்பவர் வேலை என்று பிரித்திருக்கிறார்கள். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, உள்ளேயும் வெளியேயும் மின்வயரிங், இவை ஓனர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், சாக்கடை அடைப்பு, பூட்டு, கைப்பிடி, கொசுவலை, உடைந்த ஜன்னல் கண்ணாடி, இவை நம் தலையில். நாமே உடைத்துவிட்டு ஓனரைக் கேட்க முடியாது என்பதும் உண்டு. உங்கள் சிலாப் சந்தேகமில்லாமல் அவருடையது. வயர்க்குழாயில் தண்ணீர் இறங்குவதும் அப்படித்தான். ‘சுவிட்ச் உங்க செலவு’ என்று அவர் ஆரம்பித்தால், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். (பெயிண்ட் ஓனர் பக்கம் இருப்பதைக் கவனித்தீர்களா? காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்கென்று பிடித்துக்கொள்வதைச் சென்னையில் ஏதோ சம்பிரதாயம் மாதிரி நடத்துகிறார்கள்.)

ஓனர் தன் பங்கு வேலையைச் செய்ய மறுத்தால் நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம். இது இப்போது வந்த யோசனைகூட இல்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவிலேயே, அறிவிப்புக் கொடுத்து நியாயமான காலம் காத்திருந்தும் உரிமையாளர் தன் கடமையான பழுதைப் பார்க்காவிட்டால், குடியிருப்பவர் செய்து செலவை வட்டியோடு கழிக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் 2017 சட்டம் ஒரு கட்டு போட்டிருக்கிறது: எந்த ஒரு மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. உங்களுக்கு மாதம் 8,000. பாக்கி நான்கு மாதம், மொத்தம் 32,000. கொத்தனார் சொன்ன இரண்டும் சேர்ந்தால் 56,000. மீதி 24,000 அட்வான்ஸோடு சேர்ந்து ஓனர் கையில் மாட்டிக்கொள்ளும். சூப்பர்வைசர் ஐயா மாடி வேலையைத் தொடாதே என்று சொன்னது ரொம்பச் சரி. விடுபட்டதைத் தட்டி இறக்கும் கூலி, எலக்ட்ரீஷியன் செலவு, இந்த அளவுக்குத்தான் கழிக்கும் உரிமை உங்களுக்குப் பயன்படும். பெரிய பழுதுக்கு அது ரொம்பக் குறுகலான வழி.

அகலமான வழி இன்னொன்று. பழுது பார்க்காமல் குடியிருக்கவே முடியாது என்ற நிலை வந்து, எழுத்தில் கேட்டும் ஓனர் மறுத்தால், 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டு வீட்டை விட்டுப் போகலாம், அல்லது வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். பதினோரு மாதம் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அட்வான்ஸை, நீங்கள் தர வேண்டியது ஏதும் இருந்தால் பிடித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

இங்கேதான் உங்கள் ஓனரின் சாமர்த்தியம். அவர் மறுக்கவே இல்லை! மேலே சொன்ன இரண்டு வழிக்கும் ‘எழுத்தில் கேட்டார், அவர் மறுத்தார்’ என்பதுதான் வாசல். ‘பார்க்கலாம்’ மறுப்பா? ‘மழை முடியட்டும்’ மறுப்பா? வேண்டுமென்றே சொன்னாரோ பழக்கத்தில் சொன்னாரோ, போனில் பேசிக்கொண்டே இருக்கும் வரை நீங்கள் வாசலுக்கு வெளியேதான் நிற்பீர்கள். அதனால் எழுதுங்கள். என்ன பழுது, எது ஆபத்து, எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்வேன், இந்த நான்கும் இருக்கட்டும். வாட்ஸாப்பில் அனுப்புங்கள், அதையே ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். அவர் போன் செய்தால் மரியாதையாகப் பேசுங்கள், பேசி முடித்ததும் “நீங்கள் இப்போது சொன்னது இது, சரிதானே சார்?” என்று ஒரு செய்தி போட்டுவிடுங்கள். நான் போட்ட சண்டையில் கடைசியில் கை கொடுத்தது அப்படி ஒரு செய்தியும் அதற்கு அவர் போட்ட கட்டைவிரல் படமும்தான்.

ஒப்பந்தம் பதிவாகாதது பற்றி. இந்தச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். பதினோரு மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்று புரோக்கர்கள் சொல்வது பதிவுத் துறைச் சட்டத்தில் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கான விதியை வைத்து. அது வேறு, இது வேறு. இரண்டு பேரும் சேர்ந்து கொடுக்காவிட்டால் தனித்தனியாகவும் விவரம் கொடுக்க இடம் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சட்டப்படியான ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்ல ஓனருக்கு அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பதிவு செய்யாத தாளை ஆதாரமாகக் காட்டுவதிலும் சிக்கல் வரும். நீங்கள் எப்படியும் போகத் தயார் என்றால் இது பெரிய பயம் இல்லை. அந்த வீட்டிலேயே இருந்து போராட வேண்டும் என்றால் முதலில் ஒரு வக்கீலிடம் தாளைக் காட்டுங்கள்.

மாநகராட்சியில் ஆபத்தான கட்டடம் என்று புகார் கொடுக்கலாம்தான். ஆனால் அவர்கள் வந்து பார்த்து ஆமாம் என்று சொன்னால் முதலில் மூட்டை கட்ட வேண்டியது குடியிருப்பவர்கள். கீழ் வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

---

ஓனர் கட்சி எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், இன்னொரு பக்கத்திலிருந்து நான். அம்பத்தூரில் ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன், பணி ஓய்வு பெற்றவன், அந்த வாடகைதான் மாதச் செலவுக்கு.

‘மழை முடியட்டும்’ என்று அந்த ஓனர் சொன்னது முழுப் பொய் இல்லை. தளம் ஈரமாக இருக்கும்போது மேல் பூச்சு அடித்தால் ஒட்டாது, கொப்பளித்து உரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இழுக்கும். நல்ல கான்ட்ராக்டர் யாரும் நவம்பரில் அந்த வேலையைத் தொட மாட்டார். ஆனால் அதைச் சாக்காக வைத்து உள்ளே விடுபட்டதை இறக்காமல் இருப்பதும், எலக்ட்ரீஷியனை அனுப்பாமல் இருப்பதும் தப்பு. மேலே ஒரு தார்ப்பாய் விரித்து நாலு பக்கமும் கல் வைக்க எந்த மழை தடுத்தது?

தங்கச்சி, கடிதம் எழுதும்போது ஒன்று செய்யுங்கள். மொத்தமாக ‘வீட்டைச் சரி செய்’ என்று கேட்காதீர்கள். இப்போது செய்யக் கூடியது, மழை விட்டதும் செய்ய வேண்டியது என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். முதல் பட்டியல் சின்னதாக இருந்தால், அதற்கும் மாட்டேன் என்று சொல்ல எந்த ஓனருக்கும் வாய் வராது. அதற்கும் மாட்டேன் என்றால் அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், ஒரு அறையைப் பயன்படுத்த முடியாத மாதங்களுக்கு வாடகையைக் குறைத்துக் கேளுங்கள். சட்டம் என்ன சொல்கிறதோ எனக்குத் தெரியாது, கேட்டால் நான் கொடுத்திருப்பேன். காலி வீட்டைப் பூட்டி வைத்து, மறுபடி பெயிண்ட் அடித்து, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கொடுத்து ஆள் பிடிப்பதைவிட இது எனக்கு லாபம். குடியிருப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். ஒழுங்காக வாடகை தரும் குடும்பம் போனால் ஓனருக்கும் நஷ்டம்தான்.

---

மேல்மாடிக் குடித்தனம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று தட்டிப் பார்த்தோம். கணவர் ஸ்கூட்டர் ஹெல்மெட்டோடு நின்று தட்ட, நான் சாக்பீஸால் கோடு போட்டேன். அந்த அறையின் கூரையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ‘டொப்’ சத்தம்தான். ஹாலுக்கு வரும் உத்திரத்துக்குப் பக்கத்திலும் கொஞ்சம் கேட்கிறது. ‘நாலு மாதம் ஓட்டிவிடலாம்’ என்று சொன்னவர், இறங்கியதும் தானே கடிதத்தை எழுத உட்கார்ந்தார். மொட்டை மாடிக் குழாய் வாயில் ஒரு கிழிந்த சிமெண்ட் பையும் மாவிலைக் குப்பையும் அடைத்திருந்தது. எடுத்ததும் தேங்கியிருந்த தண்ணீர் சளசளவென்று இறங்கியது.

கடிதம் இப்படி எழுதியிருக்கிறோம், பார்த்துச் சொல்லுங்கள்:

“மதிப்பிற்குரிய சார், உங்கள் வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கிறோம். படுக்கையறை மேல்கூரையிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது. ஃபேன் பெட்டியில் தண்ணீர் சொட்டுகிறது, மின்கசிவால் அடிக்கடி மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. படங்கள் இணைத்துள்ளோம். குழந்தையின் பாதுகாப்புக் கருதி அந்த அறையைப் பூட்டி வைத்துள்ளோம். விடுபட்ட கான்கிரீட்டை இறக்குவது, மின் இணைப்பைச் சரிபார்ப்பது, மாடியில் தார்ப்பாய் போடுவது ஆகிய மூன்றையும் இந்தக் கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் செய்து தரும்படியும், மாடித் தளத்தையும் கூரையையும் ஜனவரி 31-க்குள் முழுமையாகச் சரிசெய்து தரும்படியும் கேட்டுக்கொள்கிறோம். தயவுசெய்து விரைவில் ஆவன செய்யவும்.”

---

வாடகைப்பறவை எழுதியது:

கடைசி வரியை எடுத்துவிடுங்கள். ‘தயவுசெய்து விரைவில்’ என்பது மேலே போட்ட ஏழு நாளை நீங்களே ரப்பர் வைத்து அழிப்பது. அதற்குப் பதில், “ஏழு நாட்களுக்குள் முதல் மூன்று வேலைகள் தொடங்காவிட்டால், தாங்கள் செய்ய மறுப்பதாகக் கருதி, அவற்றை நாங்களே செய்து செலவை ரசீதுகளோடு வாடகையில் கழித்துக்கொள்வோம். பெரிய பழுதைச் செய்யும் எண்ணம் இல்லை என்றால் அதையும் எழுத்தில் தெரிவிக்கவும்” என்று போடுங்கள். போனில் “நீங்களே பண்ணிக்குங்க” என்று அவர் சொன்னதையும், எந்தத் தேதியில் சொன்னார் என்பதோடு ஒரு வரி சேருங்கள். அது உங்களுக்கு உதவும்.

ஓனர் கட்சி சார் சொன்ன வாடகைக் குறைப்பை இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். போனில் தனியாகக் கேளுங்கள். ஒரே தாளில் ஆபத்தையும் பணத்தையும் போட்டால் படிப்பவர் பணத்தை மட்டும்தான் படிப்பார்.

---

கறார் பேர்வழி எழுதியது:

சரி, பாக்கி வைத்தால் நம் மேல் திரும்பும் என்பது புரிகிறது. ஆனால் காலி செய்த பிறகு அவர் அட்வான்ஸைத் தராமல் இழுத்தடித்தால்? ஒரு மாதம் என்று சட்டத்தில் இருந்தால் பணம் தானாக வங்கியில் வந்து விழுமா?

---

வாடகைப்பறவை எழுதியது:

விழாது. நல்ல கேள்வி. சாவியைக் கொடுப்பதும் பணத்தை வாங்குவதும் ஒரே நாளில் நடக்கும்படி முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்குவதுதான் நடைமுறையில் பாதுகாப்பு. அன்றைக்கு ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள், மின் மீட்டர் அளவையும் சேர்த்து. அதற்கும் மசியாவிட்டால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் வழக்கு. அலைச்சல்தான், மறுக்கவில்லை. அதனால்தான் போவதற்கு முன்பே, அட்வான்ஸில் கடைசி மாதங்களைக் கழிக்க ஓனரைச் சம்மதிக்க வைக்க முடியுமா என்று முயற்சி செய்யச் சொல்கிறேன். அவர் “சரி, கழிச்சுக்குங்க” என்று ஒரு வரி அனுப்பிவிட்டால், நீங்கள் முதலில் சொன்ன வழியே நல்ல வழியாகிவிடும்.

இடையில் கோபத்தில் அவர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் உடனே வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் அவர். அத்தியாவசிய வசதியை ஓனர் துண்டிக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது, இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

---

மேல்மாடிக் குடித்தனம் எழுதியது:

நிலவரம் சொல்லிவிடுகிறேன். கடிதம் போய்ச் சேர்ந்த அன்றே போன் வந்தது. முதலில் கோபம்: “என்னம்மா, ஸ்பீட் போஸ்டெல்லாம்? வீட்டு ஆள் மாதிரிதானே பழகினோம்?” கணவர் பேசினார். நாங்கள் இன்னும் அப்படித்தான் பழகுகிறோம் சார், கூரைதான் அப்படிப் பழகவில்லை என்றார். அந்தப் பக்கம் சிரித்துவிட்டார்.

மறுநாள் பல்லாவரத்தில் இருக்கும் அவருடைய மைத்துனர் ஒரு கொத்தனாரோடு வந்தார். சாக்பீஸ் கோட்டைப் பார்த்ததும் அவரே போட்டோ எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். விடுபட்டதை இறக்கியாகிவிட்டது. இறக்க இறக்க மூன்று பக்கெட் வந்தது. எலக்ட்ரீஷியன் செலவை நாங்கள் கொடுத்தோம், வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லி ஓனர் செய்தி அனுப்பியிருக்கிறார். அறை சரியாகும் வரை வாடகை 12,000 போதும் என்றார், 10,000 கேட்டோம், 12,000-தான் என்று நின்றுவிட்டார். மாடி வேலை பொங்கல் கழிந்ததும் என்று எழுத்தில் வாங்கியிருக்கிறோம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாமா என்று கேட்டதற்கு மட்டும் “அதெல்லாம் அடுத்த ஒப்பந்தத்துக்குப் பார்க்கலாம்மா” என்றார்.

வேறு வீடும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மாடி வேலை நடந்தால் சரியாகச் செய்தார்களா என்று எங்களுக்கு எப்படித் தெரியும், சூப்பர்வைசர் ஐயா?

---

சைட் சூப்பர்வைசர் எழுதியது:

பூச்சு காய்ந்ததும் மழைநீர்க் குழாய் வாயைத் துணி வைத்து அடைத்து, தளத்தில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் தேக்கச் சொல்லுங்கள் அம்மா. இரண்டு நாள் நிற்கட்டும். கீழே கூரையில் ஈரம் தெரியவில்லை என்றால்தான் கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணைப் பணம் போக வேண்டும், இதை ஓனரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் உருட்டலாக வளைத்துப் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விடுவார்கள். கீழே கம்பி வேலை அதற்கு அப்புறம்தான். ஹால் உத்திரத்துப் பக்கம் சத்தம் கேட்டதாகச் சொன்னீர்களே, அதையும் மறக்காமல் கொத்தனாரிடம் காட்டுங்கள். அதுவரை அதற்கு நேர் கீழே பாய் விரிக்காதீர்கள்.